கோட்டைமேட்டுத் தீர்மானம்

பாளையக்காரர் காலத்து மண்கோட்டையில் மிச்சமிருந்தது உயரமான ஒரு மேடும், அதைச் சுற்றிய அகழியும்தான். மேட்டில் புல்லும் அகழியில் உடைமரமும் மண்டிக் கிடந்தன. ஊர்க்காரர்களுக்கு அது கோட்டைமேடு. தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்லும் தொழிற்சாலையின் முதலாளி சௌந்தரபாண்டியன், மேட்டை வெட்டி அகழியை நிரப்பிக் குடோன் கட்ட ஊராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தார்.

கிராம சபை அன்று அவரே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் பாதிக்கு மேல் அவரிடம் வேலை பார்க்கும் பெண்கள்.

தலைவர் ராமசுப்பு தீர்மானத்தை வாசித்தார். "வேண்டாம்னு சொல்லுதவுக கை தூக்குங்க."

தீப்பெட்டியில் குச்சி அடைக்கும் சீனித்தாய் மட்டும் தூக்கினாள். பக்கத்தில் இருந்த செல்வமாரி பதறி அவள் முந்தானையை இழுத்தாள்.

"ஏட்டி, மொதலாளி பாக்காவ. கைய எறக்கு."

"பாக்கட்டும்."

சௌந்தரபாண்டியன் திரும்பினார். "அந்த மண்ணுமேட்டுல ஒனக்கு என்ன இருக்கு?"

சீனித்தாய் எழுந்தாள்.

"அன்னைக்கு வெள்ளத்துல கம்மா ஒடஞ்சப்ப நாங்க எங்கன நின்னோம் மொதலாளி? பிள்ளைய இடுப்புல இடுக்கிக்கிட்டு அந்த மேட்டுல ஏறுனேன். ஆடு மாட்டோட ஊரே அங்கனதான் நின்னுச்சு. நீங்க கோவில்பட்டில மாடி வீட்ல இருந்தீங்க. அடுத்த வெள்ளத்துக்கு எங்கள எங்கன ஏறச் சொல்லுதீங்க? குடோன் கூரையிலயா?"

எங்கோ ஒருவர் சிரித்தார். சிரிப்பு பரவியது.

"வேல வேணுமா வேண்டாமான்னு நல்லா யோசிச்சுக்கோ," என்றார் முதலாளி.

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. முந்தானையைப் பிடித்திருந்த செல்வமாரியின் கை விட்டது, மேலே போனது. அவளுக்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் பல. பசை காய்ந்த விரல்களாக எழும்பிக்கொண்டே இருந்தன. எண்ண ஆரம்பித்த ராமசுப்பு பாதியில் விட்டுவிட்டார்.

"தீர்மானம் தோத்துப்போச்சு அண்ணாச்சி."

மறுநாள் காலை எல்லோரும் ஒன்றாகவே ஆபீஸ் வாசலுக்குப் போனார்கள். ஒருத்தியை நிறுத்தினால் யாரும் உள்ளே போவதில்லை என்று பேசியிருந்தார்கள். உள்ளே லாரி சரக்குக்குக் காத்து நின்றது. சௌந்தரபாண்டியன் லாரியைப் பார்த்தார், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"கேட்டத் தெறலே," என்றார் காவலாளியிடம்.

சாயங்காலம் வேலை விட்டதும் ஒருத்திகூட நேரே வீட்டுக்குப் போகவில்லை. கோட்டைமேட்டில் ஏறினார்கள். மேற்கே கழுகுமலைப் பாறைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கரிசல் விரிந்து கிடந்தது. சீனித்தாயின் குலவைச் சத்தம் முதலில் எழுந்தது. பிறகு யார் குரல் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.