பதினான்காம் விதி

ஜெயவேல் செத்து ஏழு மாதம் ஆகியும் நெசவுச் சங்கத்துப் பட்டு நூல் அவன் பேருக்கே வந்தது. நெய்தவள் அவன் மனைவி கற்பகம். அவன் இருமிக்கொண்டு கிடந்த ஆறு வருஷமும் அவள்தான் நெய்தாள். தறியிலிருந்து புடவையை அறுத்துக் கொடுத்ததும், பேர் யாருடையதோ அவர் கையில்தான் கூலி என்பது சட்டம். செயலாளர் பச்சையப்பன் இரக்கப்பட்டு அவளிடம் கொடுத்துவந்தார். பேரை மாற்றச் சொல்லி மனு கொடுத்திருந்தாள். சங்கத்துச் சட்டமான பைலாவின் பதினான்காம் விதி குறுக்கே நின்றது. உறுப்பினர் இறந்தால் இடம் மகனுக்கு. மகன் இல்லையென்றால் உடன்பிறந்தானுக்கு. அவளுக்கு இரண்டும் பெண்.

எண்பத்துமூன்று தையில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு வக்கீலம்மா முள்ளிப்பட்டுக்கு வந்தாள். நாட்டின் பேரைச் செயலாளர் இரண்டு தடவை சொன்னார். கற்பகத்துக்கு மனசில் நிற்கவில்லை. அங்கேயும் நெசவுச் சங்கம் உண்டாம், சரியாக ஓடவில்லையாம். இங்கே நடப்பதைப் பார்த்துச் சட்டம் எழுதப்போகிறார்களாம்.

கற்பகத்தின் தறிக்குழி ஓரமாக உட்கார்ந்து, தறி யார் பேரில் என்று வக்கீலம்மா கேட்டாள். செயலாளர் ஒளிக்காமல் சொன்னார். அந்தம்மா புருவத்தைத் தூக்கி ஏதோ பேசினாள்.

“இன்னா சார் சொல்றாங்க?”

“அவுங்க ஊர்ல புருஷன் செத்தா பொண்டாட்டி பேர ஏத்திடுவாங்களாம். மனுவே வாணாமாம்.”

“அத நம்ம பைலாவுல எழுதக் கூடாதுங்களா?”

“நல்லாத்தான் கீது. மேல எழுதிப் போடறேம்மா.”

வாசலில் நின்ற கொழுந்தன் தசரதன் சொன்னான்: “அண்ணிய அந்த ஊருக்கே பஸ் ஏத்தி வுட்டுடலாம் சார். வந்தவாசி வழியா போவுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். கற்பகமும்.

செயலாளர் எழுதிப் போட்டார். பதில் வரவில்லை.

அடுத்த ஆடியில் அவளைச் சங்கத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு புத்தகம்.

“அந்தம்மா அனுப்பிகீறாங்க. அவுங்க புதுச் சட்டம். முப்பது விதியும் நம்மளப் பாத்து எழுதனது. நம்ம சங்கத்துப் பேர் போட்டு நன்றி சொல்லிகீறாங்க, பாரு.”

“அந்தப் பொண்டாட்டி பேரு விதி?”

அவர் பக்கத்தைத் திருப்பினார். ஒருமுறை படித்தார். இன்னொருமுறை படித்தார்.

“பதினாலும் நம்மளுதுதாம்மா. அவுங்க பழச எடுத்துட்டாங்க.”

கற்பகம் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். எழுத்து பொடியாக இருந்தது.

“நாளைக்கு ஆடிட்டுக்கு வராங்க,” என்றார் அவர். “செத்தவன் பேர்ல பட்டு போச்சுன்னா என் வேல பூடும். தசரதன் பேருக்கு மாத்திடறேன். நெய்யறது நீதானே?”

“கூலி?”

அவர் பேர் மாற்றச் சம்மதக் காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே தசரதன் சைக்கிளோடு நின்றிருந்தான்.

“தறியில கீற பொடவ எப்ப அறுப்பீங்க, அண்ணி?”

இதுவரை அவன் அதைக் கேட்டதில்லை.

“வெள்ளிக்கெழம,” என்றாள்.