திருத்தாத பரீட்சை

"இனிமே இவளுக்கு நீங்க ஊட்டிவிடக் கூடாது" என்று ஆஸ்பத்திரியில் சுலோச்சனா சொன்னதும் அன்வரி பேகத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

மகள் சகினாவுக்குப் பத்து வயது. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய வலது கையைக் கெடுத்துவிட்டிருந்தது. தோள் அசையும், விரல்கள் பாதிதான் மடங்கும். இடது கையால் எழுதினால் பள்ளிக்கூடத்தில் அடி. இடது கையால் சாப்பிட்டால் வீட்டில் திட்டு. அதனால் ஊட்டுவது, பித்தான் போடுவது, தலை வாருவது எல்லாமே அம்மாதான்.

"வைத்தியத்துக்குன்னு கூட்டிக்கினு வந்தேன். நீங்க களிமண்ணைக் குடுத்து விளையாட வுடறீங்க. இப்போ சோறும் போடாதேன்றீங்க. நீங்க பிள்ளை பெத்தவங்களா?"

"இல்லை" என்றாள் சுலோச்சனா. "ஆனா இந்தக் கைக்கு வேலை குடுக்காட்டி இருக்கறதும் போயிடும். அதை நான் கண்ணால பார்த்திருக்கேன்."

யுத்த காலத்தில் அவள் பெங்களூரில் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தவள். கையில் குண்டடிபட்ட சிப்பாய்களுக்கு நெசவும் தச்சு வேலையும் கொடுத்தே விரல்களைப் பழக்கும் வார்டு அது. யுத்தம் முடிந்ததும் மயிலாப்பூரில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டு அறையில், அதே வேலையைப் பிள்ளைகளுக்குச் செய்ய ஆரம்பித்திருந்தாள்.

அன்று ராத்திரி அன்வரி ஊட்டவில்லை. சகினா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அப்பா மெஹபூப் அலி எழுந்து வந்து, "பாவம், குழந்தையைப் போய்..." என்று தொடங்கினார்.

"பாவம்னு சொல்லாதீங்க" என்று கத்தினாள் சகினா. அவள் அப்பாவிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சுலோச்சனா அவள் முன்னால் சப்பாத்தி மாவை வைத்து, "யார் மேல கோபமோ அவங்களை நினைச்சுக்கிட்டு பிசை" என்றாள். சகினா பிசைந்தாள், குத்தினாள், பலகையில் ஓங்கி அறைந்தாள். முதலில் டீச்சர், அப்புறம் அம்மா, கடைசியில் சுலோச்சனா. அப்படியே வாரங்கள் ஓடின. ஈரத்துணி பிழிந்தாள், மணி கோத்தாள், சட்டைக்குத் தானே பித்தான் போட்டாள். மழைக்காலம் முடிவதற்குள், துணி சுற்றித் தடித்த பென்சிலைப் பிடித்து வலது கையாலேயே எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோணலாக இருக்கும். நேரமும் அதிகம் பிடிக்கும். ஆனால் யாரும் படித்துவிடலாம்.

ஐந்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் பத்துக் கணக்கு. மணி அடித்தபோது சகினா ஆறாவதில் இருந்தாள். டீச்சர் தாளை இழுத்துக்கொண்டாள்.

ரிசல்ட் வந்த அன்று அன்வரி பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியை விஜயலக்ஷ்மியிடம் மார்க் எவ்வளவு என்று கேட்டாள்.

"மார்க்கெல்லாம் எதுக்கு? பாஸ் போட்டாச்சு. ஆறாங்கிளாஸுல உக்காத்தி வைக்கறோம்."

"கணக்குல எவ்ளோ எடுத்தா?"

"அதைத் திருத்தலைம்மா. திருத்தி என்ன ஆகப்போறது? கொழந்தை பாவம். இன்னும் ரெண்டு வருஷம் ஸ்கூலுக்கு வந்துண்டு போயிண்டு இருக்கட்டும். அப்புறம் எப்படியும் நீங்களே ஆத்துல நிறுத்திடுவேள்."

பக்கத்தில் நின்ற சகினாவின் முகத்தை அன்வரி பார்த்தாள். அழுகை இல்லை. தட்டை எறிந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

"அவ ஒவ்வொரு எழுத்தும் எழுத எத்தனை பாடு பட்டான்னு உங்களுக்குத் தெரியாது" என்றாள் அன்வரி. சத்தம் போடவில்லை. "படிச்சுக்கூடப் பார்க்காம பாஸ் போட நீங்க யாரு? இப்போ திருத்துங்க. நாங்க நிக்கறோம்."

"பெயிலானா?"

"ஆவட்டும்."

டீச்சரைக் கூப்பிட்டு, தாளைத் தேடி எடுத்துவரச் சொல்லி, அங்கேயே திருத்தினார்கள். முடித்த ஐந்து கணக்கில் மூன்று சரி, இரண்டு தப்பு. முப்பது மார்க். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

"இப்போ திருப்தியா?" என்றாள் விஜயலக்ஷ்மி.

"இல்லை. மீதி அஞ்சையும் போட நேரம் குடுத்தீங்களா?"

"ஒருத்திக்குன்னு தனிச் சட்டம் போட முடியாதும்மா."

"பாஸ் மட்டும் தனியாப் போட முடிஞ்சுதே?"

விஜயலக்ஷ்மி ரிஜிஸ்தரைத் திறந்தாள். சகினாவின் பேருக்கு நேராக, மறுபடியும் ஐந்தாம் வகுப்பு என்று எழுதிக்கொண்டாள்.

வழியெல்லாம் சகினா அம்மாவோடு நடக்கவில்லை. கோயில் குளத்தங்கரைக் கூட்டத்தில் பத்தடி முன்னாலேயே போனாள். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தாள்.

"நீ கேக்காம இருந்தா நான் ஆறாங்கிளாஸ் போயிருப்பேன். என்கூடப் படிக்கற ஜஹீதாவெல்லாம் போறா."

"போயிருப்பே."

"அந்த ரெண்டு கணக்கும் எனக்குத் தெரியும். அவசரத்துல தப்பாயிடுச்சு."

"தெரியும் பேட்டி, என் மவளே. அந்தக் கோபம்தான் எனக்கும்."

நாலு நாள் அவள் அம்மாவிடம் பேசவில்லை. அன்வரியும் அவளைச் சமாதானம் செய்யப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாள் வந்ததும் சகினா தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். உள்ளே நுழைந்ததுமே சுலோச்சனாவிடம் கேட்டாள்: "மாவு வேணாம். வேகமா எழுதறதுக்கு இன்னா செய்யணும்?"

"எனக்கே சரியாத் தெரியாதுடி. ரெண்டு பேருமா செஞ்சு பார்க்கலாம்."

அன்வரி அந்த வருஷம் முழுக்க வாரம் தவறாமல் தலைமையாசிரியை அறை வாசலில் போய் நின்றாள். பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டாள். அடுத்த பரீட்சைக்கு முந்தின நாள்தான் விஜயலக்ஷ்மி, "சரி, அரை மணி" என்றாள், முகத்தைப் பார்க்காமலே.

சகினா பத்துக் கணக்கும் போட்டாள். எட்டு சரி. ஆறாம் வகுப்புக்குப் போனாள். எல்லாரும் அன்வரியை வாழ்த்தினார்கள். அவள் யாருக்கும் இனிப்புக் கொடுக்கவில்லை. அரை மணி நேரத்துக்காகப் பிள்ளையின் ஒரு வருஷம் போனதை அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.