விதைக்கு வைத்த மஞ்சள்

“ஏனுங்காத்தா, இதையுமுங்களா?” என்று பச்சமுத்து வெறுங்கூடையோடு நின்றான். வேப்பமரத்தடிக் குவியலைக் காட்டித்தான் கேட்டான். கண்ணாத்தாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மஞ்சள் வேகவைக்கும் கொப்பரைக்கு அடியில் எரியும் தீயைப் பார்த்தபடியே, “ஆமா, போடு” என்றாள். இருபது வருஷமாக அந்த மஞ்சள் காட்டில் வேலை செய்கிறவனுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் புருஷனைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாதவளிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்க வாய் வரவில்லை. அள்ளிக் கொட்டினான்.

வேலையில் அவள் ஒரு குறையும் வைக்கவில்லை. கிழங்கு மூழ்கத் தண்ணீர் விட்டாள். மஞ்சள் செடியின் காய்ந்த தாளைப் பரப்பி மூடினாள். நுரை பொங்கி, பச்சை வாடை போனதும் ஒரு கிழங்கை எடுத்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள். மெத்தென்று இறங்கியது. நான்கு நாளாக இதே வேலைதான். இது கடைசிக் கொப்பரை. காய்ச்சலில் கிடந்து புருஷன் சின்னண்ணன் செத்த அன்றும் அவள் அழவில்லை, கருமாதியிலும் அழவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். அதுவும் உறைக்கவில்லை. கருமாதியன்று புருஷனின் அண்ணன் சின்னுசாமி, “ஒண்டிப் பொம்பள மஞ்சக்காடு பாக்க முடியாது அம்மிணி. என்ர கைல உட்டுரு” என்றபோது மட்டும், “அவுரு வெத எடுத்து வெச்சிருக்காருங்க மாமா. நானே நட்டுக்கறனுங்க” என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

வெந்ததைக் களத்தில் பரப்பிக்கொண்டிருந்தபோது சின்னுசாமி வந்தார். வெறுமையாகக் கிடந்த மரத்தடியைப் பார்த்தார். பிறகு களத்தைப் பார்த்தார்.

“அட சாமி! வெதையவா வேக வெச்சுப்புட்ட?”

அவர் கெட்ட மனிதர் இல்லை. குரலில் சந்தோஷம் இல்லை, ஒரு வழக்கு தானாகவே முடிந்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. ஊரில் மற்றவர்கள் அவரவர் காட்டுக்கு அளவாகத்தான் விதை வைத்திருந்தார்கள்; அவளுக்குக் கடன் கொடுக்க யாரிடமும் மிச்சமில்லை. “போனது போகுது. வைகாசில நானே எங்கிருந்தாச்சும் வெத கொண்டாந்து நட்டுக்கறேன். உனக்குச் சோத்துக்குக் கொறை வராது” என்றார்.

கண்ணாத்தாள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வெட்டி முடித்த காட்டுக்குள் இறங்கினாள். பச்சமுத்து பின்னாலேயே ஓடினான்.

“அங்க ஒண்ணுமில்லீங்காத்தா. வெட்டறப்ப தப்புன கெழங்கெல்லாம் எங்கூட்டுக்காரி பொறுக்கி, அதையும் வேக வெச்சுட்டாளுங்க. நான் இன்னொருக்கா கேட்டிருக்கோணுமுங்க.”

அவள் முதல் வரிசை முழுவதும் கொத்தினாள். வேரும் சருகும் வந்தன. இரண்டாவதில் கல்தான் கிடைத்தது. உச்சி வெயில் ஏறியது. மூன்றாவது வரிசையின் பாதியில் கொத்து எதிலோ நறுக்கென்று இறங்கியது. தோண்டி எடுத்தாள். ஒரே ஒரு விரலி மஞ்சள், கொத்து பட்டு இரண்டாகியிருந்தது. வெட்டுப்பட்ட இடம் ஈரமாக மினுங்கியது. பச்சை மஞ்சள் வாடை மூக்கில் ஏறிய நொடியில் கண்ணாத்தாள் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெருங்குரலெடுத்து அழுதாள். களத்தில் நின்ற சின்னுசாமி தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

இரண்டு துண்டுகளையும் மடியில் முடிந்துகொண்டு, அழுகையை நிறுத்தாமலே நகர்ந்து, நான்காவது வரிசையைக் கொத்தத் தொடங்கினாள்.