சம்பந்திகள் நட்ட கம்பம்

"சுவிட்சைத் தொடாதம்மா" என்று மகள் ஓடிவந்து கையைப் பிடித்தபோது பேக்கரிக்காரம்மாவின் கண்களில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சமையலறை முழுக்க வெங்காயம் வதங்கிய புகை. மேலே சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் சும்மா இருந்தது.

"ஃபேன் கெட்டுப்போச்சா?"

"கெடல. வெளிப்பக்க ஓட்டையில குருவி கூடு கட்டுது. ஃபேனைப் போட்டா அதுங்க கதி என்னாகும்?"

மகள் கதையைச் சொன்னாள். புது வாடகை வீட்டுக்குக் குடிவந்த அதே வாரம் ஒரு ஜோடிக் குருவியும் அங்கே குடிவரத் தீர்மானித்துவிட்டது. மாப்பிள்ளை சாயங்காலம் வைக்கோலை எடுத்துப் போடுவார். காலையில் குருவிகள் மறுபடி கொண்டுவந்து வைக்கும். இரண்டு தரப்புக்கும் சலிப்பே வரவில்லை.

"அப்ப சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?"

"முக்கால்வாசி நாள் பிரெட்தான்."

பேக்கரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பேக்கரியில் பிறந்து வளர்ந்த பெண், கல்யாணம் பண்ணிப் போயும் பிரெட்டிலிருந்து தப்பவில்லை.

மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மருந்துக் கடை வேலை முடிந்து வந்து, பழைய பலகையை அறுத்து, குருவி மட்டும் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டு, சாய்வான கூரையோடு ஒரு பெட்டி செய்திருந்தார். அதைத் தோட்டத்து மரத்தில் மாட்டிய மறுநாளே பக்கத்து வீட்டுப் பூனை அதன் கூரைமேல் ஏறி, வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. குருவிகள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அதனால் இப்போது ஒரு இரும்புக் குழாய் வந்திருந்தது. வழவழவென்ற குழாய், பூனை நகத்துக்குப் பிடி கொடுக்காதது. அதன் உச்சியில் பெட்டியைத் திருகி மாட்ட ஒரு தகடும் பற்றவைத்திருந்தார்கள். சிமெண்ட், மணல், ஜல்லி எல்லாம் சுவரோரம் தயார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைப்பதுதான் பாக்கி.

"நானே இருந்து நட்டுட்டுப் போறேன்" என்று பேக்கரிக்காரம்மா சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கூரையில் 'கற்பவர்' என்று பலகை வைத்த கார். மாப்பிள்ளையின் அம்மா, டிரைவிங் டீச்சர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்.

இரண்டு சம்பந்திகளும் ஒருவரையொருவர் பார்த்தால் மரியாதை வழிந்து ஓடும். "நீங்க உக்காருங்க", "ஐயோ, நீங்க முதல்ல" என்று சொல்லிச் சொல்லி, போன தடவை இருவருமே காப்பியை நின்றபடி குடித்து முடித்தார்கள். உள்ளுக்குள் விஷயம் வேறு. முதன்முதலில் சம்பந்தி வீட்டுக்குப் போனபோது பேக்கரிக்காரம்மா தன் கையாலேயே ஒரு கேக் செய்து எடுத்துப் போயிருந்தாள். "சர்க்கரை தூக்கல்" என்று டிரைவிங் டீச்சர் யாரிடமோ சொன்னது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. ஊரே வரிசையில் நின்று வாங்குகிற கேக். அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது.

மறுநாள் காலை பிள்ளைகள் இருவரும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் இரண்டு சம்பந்திகளும் ஒரு சுவர்க்கடிகாரமும் மட்டும். டிரைவிங் டீச்சர் ஒரு பத்திரிகையைப் புரட்டினார். பேக்கரிக்காரம்மா ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்தாள். அப்போது சமையலறைப் பக்கம் குருவிகள் கூச்சல் போட ஆரம்பித்தன.

இருவரும் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பூனை வெளிப்பக்கம் ஜன்னல் விளிம்பில் நின்று, பின்னங்கால்களை ஊன்றி, ஃபேன் ஓட்டையை நோக்கி எக்கிக்கொண்டிருந்தது. ஒரு முழம் மிச்சம். டிரைவிங் டீச்சர் கண்ணாடியில் படாரென்று தட்ட, அது குதித்து இறங்கி, அவமானம் எதுவும் நடக்காததுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது.

"இன்னிக்கு எட்டல. நாளைக்கு எட்டிரும்" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"நாமளே நட்டுறலாமா சம்பந்தியம்மா?"

"நீங்க சொன்னா சரி சம்பந்தியம்மா."

எங்கே நடுவது என்பதிலேயே முதல் சிக்கல். சமையலறை ஜன்னலிலிருந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்றார் டிரைவிங் டீச்சர். சுவருக்கும் மரத்துக்கும் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பூனை அங்கிருந்து தாவும் என்றாள் பேக்கரிக்காரம்மா. இரண்டும் நியாயம்தான். இரண்டுக்கும் பொருந்துகிற இடம் தோட்டத்திலேயே ஒன்றுதான் இருந்தது. அதில் மாப்பிள்ளை வைத்த ரோஜாச் செடி நின்றது. இருவரும் ஒன்றும் பேசாமல் அதைப் பெயர்த்து வேலியோரம் வைத்தார்கள்.

பள்ளம் தோண்டுவது முழங்கால் ஆழம் வரை நன்றாகவே போயிற்று. அடியில் ஜல்லி கொட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். கலவை போடுவதைப் பேக்கரிக்காரம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். மாவு பிசைந்த கைக்கு இதெல்லாம் ஒரு பெரிய காரியமா? தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினாள். கலவை கேக் மாவு பதத்துக்கு வந்தது. பார்க்க அழகாக இருந்தது. கம்பம் நடத்தான் ஆகாது என்பது அப்போது தெரியவில்லை.

டிரைவிங் டீச்சர் பங்குக்கும் ஒரு தப்பு நடந்தது. "அப்புறம் மேல ஏறி மாட்டணும்னா ஏணி வேணும். நம்மகிட்ட ஏணி இல்ல. பெட்டியை இப்பவே குழாயில மாட்டிட்டு நட்டுறலாம்" என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

ஆக, மேலே தலைக்கனம், கீழே குழைவு. குழாயை நிறுத்திக் கலவையைக் கொட்டிக் கையை எடுத்ததும் அது மெதுவாக, தூக்கம் சொக்குகிற ஆள் மாதிரி வேலிப்பக்கம் சாய்ந்தது. இருவரும் பாய்ந்து பிடித்தார்கள். நிமிர்த்தினார்கள். கையைத் தளர்த்தினால் இப்போது அந்தப் பக்கம் சாய்ந்தது.

"விட்டா விழுந்துரும் போலிருக்கே" என்றாள் பேக்கரிக்காரம்மா.

"இறுகற வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதுதான்."

"எப்ப இறுகும்?"

வீட்டுக்குள்ளே டெலிபோன் அடித்து ஓய்ந்தது.

பக்கத்து வீட்டு மதில்மேல் ஒரு தலை எழுந்தது. அந்த வீட்டுக்காரர் பல் டாக்டர். பூனை அவருடையதுதான். கம்பத்தைப் பிடித்தபடி எதிரெதிரே விறைப்பாக நிற்கும் இரண்டு பெண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கொடி ஏத்தப் போறீங்களா?"

"குருவிக் கூடு சார். உங்க பூனையாலதான் இவ்வளவும்" என்றார் டிரைவிங் டீச்சர்.

"மேனேஜரா? அவனை ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வீட்டுல எல்லாரையும் வேலை வாங்கிட்டு அவன் தூங்குவான். அதான் அந்தப் பேரு." அவர் ஒரு கண்ணை மூடிக் கம்பத்தை அளந்தார். "சாயுதே. கம்பி கட்டிருங்க. நாலு பக்கமும் இழுத்துக் கட்டினா அசையாது. கோணல் பல்லுக்கும் அதான் வைத்தியம்."

"கம்பிக்கு எங்க போறது?"

"என்கிட்ட இருக்கு. வீட்டுல எங்க இருக்குன்னுதான் தெரியாது. தேடி எடுத்துட்டு வர்றேன்."

தலை மறைந்தது. அவர் தேடப் போனவர்தான். உள்ளே பெட்டிகள் இழுபடும் சத்தமும், 'நான் எடுக்கல' என்று ஒரு பெண் குரலும் மட்டும் கேட்டன.

பேக்கரிக்காரம்மாவின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கையை எடுத்தாள். கம்பம் சட்டென்று நழுவியது.

"ஏய், விடாத. பிடி. வலது பக்கம் தள்ளு. வலதுன்னா உன் வலது. அப்படித்தான், நிறுத்து."

கம்பம் நேராக நின்றது. டிரைவிங் டீச்சரின் முகம் மெல்லச் சிவந்தது.

"மன்னிச்சுக்கோங்க சம்பந்தியம்மா. வண்டி சொல்லிக்குடுத்துப் பழகின வாய். அவசரத்துல வந்துருச்சு."

"எதுக்கு மன்னிப்பு? 'தயவுசெஞ்சு கொஞ்சம் நகருங்களேன் சம்பந்தியம்மா'ன்னு நீங்க ஆரம்பிச்சிருந்தா, முடிக்கறதுக்குள்ள கம்பம் தரையில கிடந்திருக்கும்." பேக்கரிக்காரம்மா கம்பத்துக்கு மறுபுறம் இருந்த முகத்தைப் பார்த்தாள். "அப்படியே பேசுங்க. இதான் வசதியா இருக்கு."

"அப்ப நீயும் அப்படிப் பேசு. நான் மட்டும் பேசினா நல்லா இருக்காது."

"பேசறேன். பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். என் கேக்குல சர்க்கரை தூக்கல்னு சொன்னியா, இல்லையா?"

'நீ' என்று வந்ததும் கேள்வி தானாக வெளியே விழுந்துவிட்டது. டிரைவிங் டீச்சர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"சொன்னேன். தூக்கலாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டாவது துண்டும் நான்தான் எடுத்தேன், மூணாவதும் நான்தான் எடுத்தேன். அதை மட்டும் யாரும் வந்து உன்கிட்ட சொல்லலையா?"

"சொல்லல."

"சொல்ல மாட்டாங்க. சரி, நீ என்னைப் பத்திச் சொன்னது? 'மாப்பிள்ளை வாயே திறக்க மாட்டேங்கறார், பாவம், அவங்கம்மா பேசி முடிச்சாத்தானே அவர் முறை வரும்'னு."

பேக்கரிக்காரம்மாவுக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. கம்பமோ கைத்தடி பருமன்தான்.

"யாரு சொன்னா உன்கிட்ட?"

"உன் மகதான். சொல்லிட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. என் பையனும் சிரிச்சான். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்த்தான் கோபம் வந்துச்சு."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. சிரிப்பில் கம்பம் கிடுகிடுவென்று ஆடியது. "ஆட்டாத, ஆட்டாத" என்று சொல்லிக்கொண்டே இருவரும் அதை மேலும் ஆட்டினார்கள். பெட்டியின் கூரையில் வந்து உட்கார நினைத்த ஒரு குருவி, வேண்டாம் என்று திரும்பிப் போனது.

சிரிப்பு அடங்கியதும் டிரைவிங் டீச்சர் தாழ்ந்த குரலில் சொன்னார். "நீ சொன்னது உண்மைதான். நான் நிறையப் பேசுவேன். பையன் என்கூட இருந்தவரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்தான். இப்ப வீட்டுல யாரும் இல்ல. வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். வண்டி கத்துக்க வர்றவங்க பயத்துல பதிலே பேச மாட்டாங்க. அதான் சும்மா சும்மா இங்க வந்து நிக்கறேன்."

"என்கிட்ட வாயேன். என் வீட்டுக்காரர் பிசைஞ்சு மூடி வச்ச மாவு மாதிரி. விளக்கு வச்சதும் தூங்கிருவார். நான் அடுப்பைத் துடைச்சுக்கிட்டுத் தனியாத்தான் உக்காந்திருப்பேன்."

"நிஜமாவா கூப்பிடற?"

"பொய்யா கூப்பிட்டா 'வாங்க'ன்னு கூப்பிட மாட்டேனா?"

அப்போது தூறல் விழத் தொடங்கியது. நல்லவேளையாகப் பல் டாக்டரும் வந்து சேர்ந்தார். ஒரு தோளில் கம்பிச் சுருள், மறு கையில் குடை. வந்தவர் மரியாதையாகக் குடையைப் பெண்கள் தலைக்குமேல் பிடித்தார்.

"எங்களுக்கு வேண்டாம் சார், சிமெண்டுக்குப் பிடிங்க" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

மழை நின்றதும் டாக்டர் நாலு முளைகளை அடித்து, கம்பிகளை இழுத்துக் கட்டினார். வாய்க்குள் வேலை செய்து பழகிய விரல்கள், முடிச்சு கண்ணுக்கே தெரியவில்லை. டிரைவிங் டீச்சர் தள்ளி நின்று, வீட்டு மூலைக் கோட்டோடு கம்பத்தை ஒப்பிட்டு உத்தரவு கொடுத்தார். "இடது. இன்னும் இடது. போதும்." பேக்கரிக்காரம்மா கலவையைத் தொட்டுப் பார்த்து, மேலே உலர் சிமெண்டும் மணலும் தூவிக் குத்தினாள். பிறகு மூவரும் ஒன்றாகக் கையை எடுத்தார்கள். கம்பம் நின்றது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த மாப்பிள்ளை தோட்டத்துக்குப் போய், கம்பத்தைப் பார்த்தார், வேலியோரம் போன ரோஜாவைப் பார்த்தார், சேறும் சிமெண்டுமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடிக்கும் இரண்டு அம்மாக்களையும் பார்த்தார்.

"நான் ஞாயித்துக்கிழமை நடலாம்னு இருந்தேன்" என்றார்.

"நீ இரு, நாங்க முடிச்சுட்டோம்" என்றார் அவருடைய அம்மா. "ஏன்டி, அந்த மண்வெட்டியை எங்க வச்ச?" என்று பக்கத்தில் கேட்டார்.

"நீதானே கடைசியா எடுத்த?" என்றாள் பேக்கரிக்காரம்மா.

மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்து நின்ற மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இவங்களுக்குள்ள சண்டையா?' என்று மாப்பிள்ளை கண்ணாலேயே கேட்டார். மகளுக்கும் புரியவில்லை.

ஃபேன் ஓட்டையில் முட்டை எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு மாப்பிள்ளை அதற்கு வலை அடித்தார். குருவிகள் துணிக்கொடியில் உட்கார்ந்து அவரை வாய்க்கு வந்தபடி திட்டின. பூனை கம்பத்தைச் சுற்றி வந்து, இரண்டு தடவை தாவி, இரண்டு தடவையும் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்புறம் வேறு ஏதோ ஜோலி இருப்பதுபோல் போய்விட்டது.

பெட்டி பல நாள் காலியாகத்தான் கிடந்தது. பேக்கரிக்காரம்மா மகளுக்கு போன் போட்டு முதலில் குருவியைத்தான் விசாரிப்பாள். "இன்னும் வரலம்மா" என்று மகள் சொல்வாள். அந்தச் செய்தியை உடனே சம்பந்திக்குச் சொல்ல இன்னொரு போன் போகும். அது சீக்கிரம் முடியாது. ஒருநாள் மகளே கூப்பிட்டு, ஆண் குருவி பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். அடுத்த லீவு நாளில் இரண்டு சம்பந்திகளும் கூரையில் பலகை வைத்த அந்தக் காரில் ஒன்றாக வந்து இறங்கினார்கள்.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்த சமையலறையில், ஜன்னலோரம் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். ஆண் குருவி தன்னைவிட நீளமான ஒரு வைக்கோலைக் கொண்டுவந்து, ஓட்டையில் நுழைக்கத் தெரியாமல் குறுக்கும் நெடுக்குமாகத் திருப்பிப் பார்த்தது. ஒருவழியாக நுழைத்துவிட்டுப் பறந்தது. அது போனதும் பெண் குருவி உள்ளேயிருந்து அதே வைக்கோலை இழுத்து வெளியே போட்டது.

"பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே" என்றார் டிரைவிங் டீச்சர்.

"அளவு பாத்துக் கொண்டுவரணும். அது அவன் தப்பு" என்றாள் பேக்கரிக்காரம்மா.

ஆண் குருவி கீழே இறங்கி, அதே வைக்கோலைக் கவ்விக்கொண்டு மறுபடியும் மேலே வந்தது.