யாரிடமும் சொல்லக்கூடாத சொல்

மருந்துக் கம்பெனியின் கீழ்த்தளத்தில், பழைய கோப்பு அறையில் அவள் ஒருத்திதான். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு ஈ காக்கைகூட அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் மெயில் வரும். அவளும் தேடியெடுத்து மெயிலிலேயே அனுப்பிவிடுவாள். காலையில் வாசல் செக்யூரிட்டிக்கு ஒரு வணக்கம், சாயங்காலம் ஒரு வணக்கம். அன்றைய பேச்சு அத்தோடு சரி. வேறு ஊரில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், அதுவும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

ஒரு செவ்வாய்க்கிழமை மேஜை போன் அடித்தது.

"அம்மா, கம்ப்யூட்டர் செக்‌ஷன்லேர்ந்து பேசறேன். குரல் ஒரு மாதிரி இருக்கே, உடம்பு சரியில்லையா?"

"சளிதாம்பா. ஏசி நேரா தலையில அடிக்குது."

"எங்கம்மாவுக்கும் அப்படித்தான். முழங்காலும் பிடிச்சுக்கும்."

"அதை ஏன் கேக்கறே!" என்று ஆரம்பித்தவள் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. படியேறும் பாடு, டாக்டர் சொன்னது, மகளின் மாமியார்... எல்லாவற்றுக்கும் அவன் 'உம்' கொட்டினான். கடைசியில், "உங்க லாகின்ல சின்னக் கோளாறும்மா. பாஸ்வேர்டு சொன்னா இங்கேர்ந்தே சரி பண்ணிடுவேன்" என்றான்.

பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள் என்ற நோட்டீஸ் எதிர்ச்சுவரில்தான் இருந்தது. ஒட்டியதே அவள்தான். ஆனாலும் இவ்வளவு கேட்டுக்கொண்டவனிடம், முகத்தில் அடித்தாற்போல் மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. சொல்லிவிட்டாள்.

மறுநாள் மேலே கூப்பிட்டார்கள். நேற்று வந்த போன் ஒரு சோதனையாம். நாற்பது பேருக்குப் போன் போட்டதில் சொன்னது இவள் ஒருத்திதானாம். மேனேஜருக்குப் பக்கத்தில் லேப்டாப்போடு ஒருவன். "வணக்கம்மா" என்றதுமே குரல் தெரிந்துவிட்டது.

"நோட்டீஸ் படிக்கலையா?" என்றார் மேனேஜர்.

"படிச்சேன் சார்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

அவள் அவனைப் பார்த்தாள். "தம்பி, உங்கம்மாவுக்கு முழங்கால் இப்போ தேவலையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுக்குங்க. அதெல்லாம் முன்னாடியே எழுதி வச்சுப் பேசறது. எங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லை."

"நல்லா இருக்கட்டும்," என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

மேனேஜர் ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. தெரிஞ்சேதான் சொன்னேன் சார் என்று வாய் வரை வந்தது. சொன்னால், எதற்காக என்றும் சொல்ல வேண்டியிருக்கும். கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை பயிற்சி வகுப்பு. புதிதாகச் சேர்ந்த பன்னிரண்டு பேரோடு அவளும் உட்கார வேண்டும். அரைமணி முன்னதாகவே போய், இரண்டு பக்கமும் ஆள் வருகிற மாதிரி நடு நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.