ரிப்பனுக்குக் கீழே

பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் அப்படியே கிடந்தது. பதினோரு வாரத்துக்கு முன் ஒரு நுனியை நான் பிடித்துக்கொள்ள, மறு நுனியை கம்ப்யூட்டர் டீச்சர் லுசுங்கு ஆணியில் கட்டிய அதே ரிப்பன். நடுவிலிருந்த பூ முடிச்சு மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது. முசூசு நகரத்திலிருந்து மூன்று மணி நேரம், பக்கத்து சீட்டு அம்மாவின் கோழியை மடியில் வைத்துக்கொண்டு மினிபஸ்ஸில் வந்திருந்தேன். இடுப்பு என்னுடையதாகவே இல்லை. ரிப்பனைப் பார்த்ததும் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வாரநாட்களில் நான் பிரிண்டர் பழுது பார்க்கிறவன். சனி, ஞாயிறு, லீவு நாளெல்லாம் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து, ஆபீஸ்கள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களைத் தேற்றி பள்ளிக்கூடங்களில் கொண்டுபோய் வைக்கிறோம். சம்பளம் கிடையாது. ஒன்பது வருஷத்தில் இது பதினான்காவது பள்ளி. நாங்கள் வைத்த ஓர் அறையில் இப்போது சோள மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இன்னொன்றில் கீபோர்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஊருக்கு உழைக்கிறவன் வீட்டுக் கூரைதான் ஒழுகும் என்று என் மனைவி முன்பெல்லாம் குத்திக்காட்டுவாள். இப்போது அதுவும் இல்லை. அவளுக்கே அலுத்துவிட்டது.

ரிப்பனை வெட்டவேண்டியவர் மாவட்டத்துப் பெரிய அதிகாரி. மார்ச்சில் தேதி கொடுத்தார், பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஏப்ரலில் கொடுத்தார், அவருடைய மாமனார் இறந்துபோனார். மே மாதம் வரவும் இல்லை, காரணமும் சொல்லவில்லை. மூன்று தடவையும் பள்ளியில் ஆடு அடித்து, நசிமா என்கிற சோளக்களி கிண்டி, சாயங்காலம்வரை காத்திருந்து அவர்களே சாப்பிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கிணற்றுப் பம்பானாலும் கக்கூஸானாலும் பெரியவர் கையால் திறந்து ஒப்படைக்கிறவரை அது நம்முடையது இல்லை. முந்திக்கொண்டு தொட்டால் அவர் முகத்தில் அடித்த மாதிரி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே.

பத்து நாளில் கடைசி வகுப்பான நான்காம் படிவத்துக்குக் கம்ப்யூட்டர் செய்முறைப் பரீட்சை. லுசுங்கு என்னைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சோப்புப் பெட்டி அட்டையில் கட்டம் போட்டு, எழுத்து எழுதிய கீபோர்டு. லுசுங்கு ஏதோ கடிதத்தை வாசிக்க வாசிக்க, பத்து விரலும் அட்டையில் ஓடின. சத்தமே இல்லை. ஜன்னலுக்கு இரும்புக் கம்பி போட்டால்தான் மெஷின் தருவோம் என்று அடம்பிடித்தவன் நான்தான். அந்தக் கம்பிக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், என்னுடைய பன்னிரண்டு கம்ப்யூட்டர்கள் சும்மா உட்கார்ந்திருந்தன.

அவர்களில் ஒருத்தியான தெம்வா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து முழங்கால் மடித்து வணக்கம் சொன்னாள். அவள் அட்டையில் சில எழுத்துகள் தேய்ந்தே போயிருந்தன. போன அக்டோபரில் அறை அளக்க வந்தபோது, விவசாயப் பாடத்தை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் எடுக்கலாமா என்று கேட்டவள் அவள். ஆறு பாடம் தேறினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் நர்சிங் பள்ளி. தைரியமாக எடு, மெஷின் வரும், நான் பொறுப்பு என்று சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"ஐயா, நிஜமான பட்டன் அமுங்குமாமே, எவ்வளவு அமுங்கும்?" என்று கேட்டாள்.

நேரே தலைமையாசிரியர் முசிஸ்காவின் அறைக்குப் போனேன். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனுஷன், கோட்டுப் போடாமல் நான் பார்த்ததில்லை. நல்லவர், அதனாலேயே பயந்தவர். கத்தரிக்கோலைக் கொடுங்கள், நானே வெட்டுகிறேன், பழி என்மேல் வரட்டும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். விடுதிக்குத் தண்ணீர்க் குழாய் கேட்ட மனு அந்த அதிகாரி மேஜையில்தான் இருக்கிறது, இருநூறு பெண்கள் விடியலில் ஆற்றுக்கு வாளி தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதில் ஒருத்தியை முதலை கடித்தது உனக்குத் தெரியும்தானே என்றார். தெரியும்.

பிறகு அவரே எழுந்து வந்தார். கதவின் முன் நின்று ரிப்பனை மேலும் கீழும் வெகு நேரம் பார்த்தார்.

"வெட்டாதவரைக்கும் திறக்கலைன்னுதானே அர்த்தம், லேமெக்?"

"ஆமாங்கய்யா."

"குனிஞ்சு போறதுக்குப் பேரு திறப்பு விழா இல்லையே."

கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, கதவுக்கு முதுகைக் காட்டி வாசலில் உட்கார்ந்துகொண்டார். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லவேண்டியதில்லை என்பது அவர் கணக்கு.

கதவைத் தள்ளி, நான்தான் முதலில் நுழைந்தேன். பாதி குனிந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. பின்னாலிருந்து லுசுங்கு, "அண்ணே, உள்ள போறீங்களா, இல்ல இங்கயே குடியிருக்கப் போறீங்களா?" என்றாள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. நடக்கப் பழகிய நாளிலிருந்து முழங்கால் மடிக்கிறவர்கள். பாவாடையை ஒரு கையால் ஒதுக்கி, ஒவ்வொருத்தியாக ரிப்பன் அசையாமல் உள்ளே போனாள். தெம்வா கீபோர்டில் கையை வைத்தாள். ஒரு பட்டனை அமுக்கினாள். அது மேலே திரும்பி வந்ததும் பயந்து கையை எடுத்தாள். அட்டையில் எதுவும் திரும்பி வராதே. முதல் நாள் முழுக்க அந்த விரல்கள் தடுமாறின. நாலாம் நாள் என்னைவிட வேகமாக அடித்தாள்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு பத்து நாளும் அங்கேயே கிடந்தேன். மூன்று மெஷின் படுத்துக்கொண்டது, இரண்டை எழுப்பினேன்; மிச்சமிருந்த பதினொன்றில் இரண்டு அணியாகப் பரீட்சை என்று முடிவானது. முசிஸ்கா தினமும் ஜூன் மாதக் குளிரில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

பரீட்சைக்கு முந்தின நாள் அதிகாரியிடமிருந்து போன் வந்தது. நாளைக்கு வருகிறாராம், பதினொரு மணிக்கு. பரீட்சை பத்தரைக்கு முடிந்துவிடும். முசிஸ்கா போனை வைத்துவிட்டு, மூன்று தடவை வராதவர் நாலாவது தடவை மட்டும் வந்துவிடுவாரா என்று என்னைக் கேட்டார். வரக்கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

காலை எட்டு மணிக்கு, சீல் வைத்த உறையோடு தேர்வாளர் அம்மா வந்தார். கனத்த உடம்பு. ரிப்பனைப் பார்த்தார், முதுகு காட்டி உட்கார்ந்திருந்த முசிஸ்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எத்தனை பள்ளிக்கூடங்களில் எத்தனை ரிப்பன் பார்த்தவரோ, ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையை லுசுங்குவிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, தவழ்ந்தே உள்ளே போனார்.

ஒன்பதே காலுக்குக் கார் வந்தது. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அந்த மனுஷன் நேரத்துக்கு முன்னால் வந்தார். உள்ளே பரீட்சை முடிய இன்னும் ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. முசிஸ்கா நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதிகாரியை மைதானத்துக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். இரண்டாம் படிவப் பெண்கள் ஆடினார்கள். ஆடி முடித்ததும் முசிஸ்கா மறுபடி ஆடச் சொன்னார். கூழ் மாதிரி தோப்வா பானம் இரண்டு சுற்று வந்தது. பிறகு வந்திருந்த கிராமத் தலைவர்கள் ஒவ்வொருவரையும், அவர்கள் அப்பா பேர், தாத்தா பேர், எந்த மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் என்பதுவரை அறிமுகம் செய்தார். கடைசியில் சமையல்காரரையும் அறிமுகம் செய்தார். அதிகாரி இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். நான் இருபது தடவை பார்த்தேன்.

பத்தரைக்கு லுசுங்கு தலையில் கட்டிய துணியைச் சரிசெய்தாள். அது எங்கள் சைகை. பெண்களும், அவர்களுக்குப் பின் தேர்வாளர் அம்மாவும் குனிந்து வெளியே வந்து கூட்டத்தின் பின்வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். நான் உள்ளே ஊர்ந்து போய் எல்லாவற்றையும் அணைத்து, உறை போட்டு, பாதத் தடங்களைத் துடைத்தேன்.

அதிகாரி வந்தார். கத்தரிக்கோலைத் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ரிப்பன் இரண்டாகி விழுந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். உள்ளே போனவர் ஒரு கம்ப்யூட்டரின் மேல் பிரியமாகக் கை வைத்தார்.

"சூடா இருக்கே?"

"தகரக் கூரை ஐயா," என்றார் முசிஸ்கா. வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி பெரிய குரலில், இந்தப் பள்ளியின் பெண்பிள்ளை ஒருத்தி வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கம்ப்யூட்டரைத் தொடுவதை நாம் எல்லாரும் இப்போது பார்க்கப்போகிறோம் என்றார். பின்வரிசையில் தலை தெரிந்த உயரமான பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டார். அது தெம்வா. வேகத்தைக் காட்டிவிடாதே என்று கெஞ்சுகிற முகத்தோடு முசிஸ்கா அவளைப் பார்த்தார். நான் மெஷினைப் போட்டுக் கொடுத்தேன்.

"பயப்படாதேம்மா," என்றார் அதிகாரி. "உன் பேரை அடி, பாக்கலாம்."

தெம்வா உட்கார்ந்தாள். வலது கையின் ஒற்றை விரலை நீட்டி, கீபோர்டு முழுக்க எழுத்தைத் தேடினாள். வெகு நேரம் தேடி ஒன்றை அமுக்கினாள். கூட்டம் கைதட்டியது. அடுத்த எழுத்துக்கு அதைவிட அதிகம் தேடினாள். அதிகாரி குனிந்து, இதோ இங்கே இருக்கு பார் என்று காட்டிக்கொடுத்தார். அவள் நன்றி சொல்லி அதை அமுக்கினாள். திரும்பி ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மேஜைக்குக் கீழே, பாவாடை மேல், அவளுடைய இடது கை விரல்கள் யாருக்கும் தெரியாமல் வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தன.