இறங்கி வந்தது யார்

1

“அந்த இடத்துல அவரை ஏன்டா கொண்டு வந்தே?”

“நான் எங்க கொண்டு வந்தேன், அக்கா? நீ பாதியில நிறுத்தினே, கை தானா அடிச்சுடுச்சு.”

“கை மேல பழியைப் போடு.”

இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கேட்டவள் என் அக்கா. ஆங்கில நாவல்களைத் தமிழாக்குகிறவள். புத்தகத்தைப் பார்த்தபடி அவள் வாயாலேயே மொழிபெயர்த்துக்கொண்டு போவாள், நான் கணினியில் அடிப்பேன். ‘அவர்’ என்றால் அத்தான். வெளியூரில் ஒரு வேலை என்று போனவர், வேலை முடிந்தும் திரும்பவில்லை.

(முதலில் வேறு மாதிரி ஆரம்பித்திருந்தேன்: “மூடுபனி இறங்கிய துறைமுக நகரம் ஒன்றில், தொப்பி அணிந்த ஒரு...” எங்கள் வீட்டருகே துறைமுகமும் இல்லை, தொப்பியும் இல்லை. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து ஒட்டிக்கொண்ட பனி அது.)

2

ஆங்கில வாக்கியத்தில் வழக்கமாக ஆள் முதலில் வருவார், அவர் செய்தது பிறகு வரும். சில எழுத்தாளர்கள் வேண்டுமென்றே இதைப் புரட்டிப் போடுவார்கள். முதலில் படிக்கட்டு, அடுத்து இறங்கி வருதல், கடைசியில்தான் ஆள். அதுவரை நாம் மாடியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தமிழிலும் ஆளைக் கடைசிக்குத் தள்ளலாம். ஆனால் ‘வந்தாள்’ என்றதுமே பாதி முகம் தெரிந்துவிடும். அக்கா அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள்: மரியாதை. ‘வந்தார்’ என்றால் ஆணா பெண்ணா தெரியாது. அன்றும், “படிக்கட்டில் மெதுவாக இறங்கி வந்தார்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

நாவலில் இறங்கி வருவது அந்த வீட்டின் சொந்தக்கார அம்மாள். நான் அடித்தது, அத்தான்.

ஏன் அப்படி அடித்தேன் என்றால்

[இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. இருக்கட்டும்.]

3

அது அப்படியே பதிப்பகத்துக்குப் போய்விட்டது. அங்கிருந்து பதிப்பாசிரியர் போன் செய்து, இந்த அத்தான் அடுத்த அத்தியாயத்திலும் வருகிறாரா என்று மிகப் பணிவாக விசாரித்தார். அக்கா சிரித்துச் சமாளித்தாள். போனை வைத்த பிறகு சிரிக்கவில்லை. அன்று காலைதான் அத்தானிடமிருந்து செய்தி வந்திருந்தது: ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?

(இரண்டும் ஒரே நாளில் நடந்தது கதைக்கு நல்லதல்ல. வேறொரு நாளுக்கு மாற்றிப் பார்த்தேன். பொய்யாகத் தெரிந்தது.)

எனக்குப் புரியாதது வேறு. அனுப்புவதற்கு முன் அந்தப் பக்கத்தை அக்கா திருத்தியிருக்கிறாள். இரண்டு கமாவை எடுத்திருக்கிறாள். அத்தானை விட்டுவைத்திருக்கிறாள். பார்க்கவில்லையா, பார்த்தும் தப்பாகப் படவில்லையா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

4

அத்தானை எனக்கு எழுத வரவில்லை. ஒரு வரைவில் அவரை அயோக்கியனாக்கினேன். நான் முதன்முதலில் படித்த வெளிநாட்டு நாவலை வாங்கித் தந்தவரே அவர்தான், மனசு கேட்கவில்லை. அடுத்ததில் நல்லவராக்கினேன். உடனே அக்கா பிடிவாதக்காரி ஆகிவிட்டாள். இரண்டையும் படித்துவிட்டு அவள் சொன்னாள்: “சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பார். எங்க போறேன்னு சொல்ல மாட்டார். அவ்வளவுதான்டா அவர்.”

முடிவு அ: அவர் வருகிறார். அக்கா ஒன்றும் கேட்காமல் உள்ளே விடுகிறாள். (கேட்காமலா? அக்காவா?)

முடிவு ஆ: வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. ஆகவே இது அவள் முடிவாக இருக்காது, என்னுடையது.

முடிவு இ:

5

இன்று சனிக்கிழமை. முடிவு இ-க்குக் கீழே வெறும் வெள்ளை. நீங்கள் எதை வைத்திருப்பீர்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். தன் போனை எனக்கு முன்னால் வைத்தாள். அத்தானின் அந்த ஒற்றை வரி; அதற்குக் கீழே காலியான பெட்டி.

“எத்தனை தடவை அடிச்சு அழிச்சுட்டேன் தெரியுமா? வான்னும் வரல, வராதேன்னும் வரல. நீதான் எங்க ரெண்டு பேரையும் எழுதிட்டே இருக்கியே. இதுக்கு ஒரு பதில் எழுதிக் குடுடா.”